'17/100' என்று எழுதியிருந்தால் அது லிமிடெட் எடிஷனா? கார்ட்டூன் கேன்வாஸ் வாங்கும் முன் இதைப் படிங்க!

நியூயார்க், சென்ட்ரல் பார்க். 2013 அக்டோபர் 12, சனிக்கிழமை. நடைபாதையில் ஒரு பெரியவர் கடை விரித்து உட்கார்ந்திருக்கிறார். ஸ்டென்சில் வைத்து ஸ்ப்ரே அடித்த ஓவியங்கள், எல்லாம் கேன்வாஸில். ஒன்று 60 டாலர். மணிக்கணக்கில் போணியே ஆகவில்லை.

மதியத்துக்கு மேல் ஒரு பெண்மணி வந்து, பேரம் பேசி, பாதி விலைக்கு இரண்டு சின்னப் படங்களைத் தன் குழந்தைகளுக்காக வாங்கிப் போகிறார். அடுத்து, நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு பெண் இரண்டு வாங்குகிறார். கடைசியாக, சிகாகோக்காரர் ஒருவர் நான்கு. கடையைக் கட்டும்போது கல்லாவில் மொத்தம் 420 டாலர்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அத்தனையும் பேங்க்ஸியின் ஒரிஜினல்! முகமே தெரியாத, உலகத்தின் மிகப் பிரபலமான தெரு ஓவியர், தன் படங்களையே யாருக்கும் சொல்லாமல் பிளாட்பாரத்தில் விற்றிருக்கிறார். நியூசிலாந்துப் பெண் வாங்கிய இரண்டில் ஒன்று, பொறியில் கால் சிக்கிய 'வின்னி த பூ' கரடி. ஆமாம், நாம் சின்ன வயதில் பார்த்த அதே கார்ட்டூன் கரடிதான். அடுத்த வருடம் லண்டனில் அந்த இரண்டும் ஏலத்துக்கு வந்து, சேர்த்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் போயின.

இதைவிட சுவாரஸ்யமானது ஒரு வாரம் கழித்து நடந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த வேறு இரண்டு பேர், அதே இடத்தில், அதே மாதிரி படங்களோடு, அதே 60 டாலருக்குக் கடை போட்டார்கள். 'இது போலி பேங்க்ஸி' என்று வெளிப்படையாகச் சொல்லியே விற்றார்கள். போலி என்பதற்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள். 40 படங்களும் ஒரு மணி நேரத்தில் காலி!

ஒரிஜினலுக்கு ஈ ஓட்டிய பிளாட்பாரத்தில் போலிக்குக் கூட்டம். இந்த இரண்டு நாட்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் போனுக்கு வருவோம்.

இன்ஸ்டாவில் ஒரு மிக்கி மவுஸ் வந்து நிற்கிறது. கண்ணில் கூலிங் கிளாஸ், கையில் ஸ்ப்ரே கேன், பின்னால் கிறுக்கல் கிராஃபிட்டி, மேலிருந்து பெயின்ட் வழிகிறது. கேன்வாஸ் பிரின்ட். கீழே 'லிமிடெட் எடிஷன், 100 மட்டுமே', 'கையெழுத்திட்டது', 'சான்றிதழ் உண்டு'. கூடவே ஓடும் டைமர். முதல் சம்பளம் வந்திருக்கிறது, ரூமில் ஒரு வெறும் சுவர் இருக்கிறது. கை 'பை நவ்' பக்கம் போகிறது. போகட்டும், தப்பே இல்லை. ஆனால் நீங்கள் கொடுக்கும் காசில் படத்துக்கு எவ்வளவு, அந்த '100 மட்டுமே' என்ற வார்த்தைக்கு எவ்வளவு என்று தெரிந்துகொண்டு அழுத்துங்கள்.

எலியும் தெருவும் சேர்ந்த கதை

கார்ட்டூனைச் சுவருக்குக் கொண்டுவந்தது தெரு ஓவியர்கள் மட்டும் இல்லை. ராய் லிக்டன்ஸ்டைன் 1961-லேயே மிக்கியையும் டொனால்ட் டக்கையும் பெரிய கேன்வாஸில் வரைந்துவிட்டார். 'லுக் மிக்கி' என்ற அந்த ஓவியம் இப்போது வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஆண்டி வார்ஹோல் 1981-ல் 'மித்ஸ்' என்ற வரிசையில் மிக்கியையும் சூப்பர்மேனையும் ஸ்க்ரீன் பிரின்ட் போட்டார். 200 பிரதிகள்.

தெருவையும் கார்ட்டூனையும் உண்மையில் முடிச்சுப் போட்டவர் கீத் ஹேரிங். 80-களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் இல்லாத பலகைகளில் கறுப்புத் தாள் ஒட்டி வைத்திருப்பார்கள். ஹேரிங் போய் வெள்ளைச் சாக்பீஸில் சரசரவென்று படம் போட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவார். தவழும் குழந்தை, குரைக்கும் நாய். சில நேரம் போலீஸ் பிடித்ததும் உண்டு.

1986-ல் அவர் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, சோஹோ பகுதியில் 'பாப் ஷாப்' என்று ஒரு கடை திறந்து, தன் படங்களை டி-ஷர்ட்டிலும் பேட்ஜிலும் போட்டுச் சல்லிசாக விற்றார். இன்னொன்று, மிக்கி மவுஸின் உடம்பும் வார்ஹோலின் கண்ணாடியும் கலைந்த தலைமுடியும் சேர்ந்த 'ஆண்டி மவுஸ்' என்ற உருவத்தை நான்கு ஸ்க்ரீன் பிரின்ட்டுகளாக வெளியிட்டார். ஒவ்வொன்றிலும் வெறும் 30 பிரதிகள். கீழே ஹேரிங், வார்ஹோல் இருவரின் கையெழுத்து. அடுத்த வருடம் வார்ஹோல் இறந்துவிட்டார். 1990-ல் எய்ட்ஸ் நோயால் ஹேரிங்கும் போய்விட்டார், 31 வயதில்.

எல்லோருக்கும் கிடைக்கிற டி-ஷர்ட், 30 பேருக்கு மட்டும் கிடைக்கிற பிரின்ட். ஒரே கை, ஒரே வருடம். உங்கள் போனில் வரும் கேன்வாஸ் இந்த இரண்டில் எது என்பதுதான் கேள்வி. பெரும்பாலானவை டி-ஷர்ட் ரகம். ஆனால், பேச்சு மட்டும் ஆண்டி மவுஸ் ரேஞ்சில் இருக்கும்!

ஹேரிங்குக்குப் பிறகு வந்தவர்களில் காஸ் என்ற பெயரில் வரையும் பிரையன் டானெல்லியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 90-களில் பஸ் ஸ்டாப் விளம்பரங்களைக் கழற்றி எடுத்துப்போய், அதன்மேல் தன் உருவங்களை வரைந்து திரும்ப மாட்டிவிடுவார். கண் இருக்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போடுவது அவருடைய முத்திரை. சிம்ப்சன்ஸ் பாத்திரங்களை அப்படி மாற்றி அவர் 2005-ல் வரைந்த ஒரு கேன்வாஸ், 2019 ஏப்ரலில் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தது. எதிர்பார்த்த விலை 60 முதல் 80 லட்சம் ஹாங்காங் டாலர். போனது 11.59 கோடி ஹாங்காங் டாலருக்கு. அன்றைய மதிப்பில் சுமார் 100 கோடி ரூபாய்!

இந்தச் செய்திதான் 'கார்ட்டூன் வாங்கினால் காசு வளரும்' என்ற ஆசையைப் பல பேர் மனதில் விதைத்தது என்பது என் எண்ணம். அது பிரின்ட் இல்லை, ஒரே ஒரு கையோவியம் என்ற சின்ன விஷயத்தை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அந்த '/100' எங்கிருந்து வந்தது?

பழைய காலத்தில் செம்புத் தகட்டில் கீறி, மை தடவி, தாளில் அழுத்தி அச்செடுப்பார்கள். எடுக்க எடுக்கத் தகடு தேயும். முதல் சில பிரதிகள் பளிச்சென்று இருக்கும், போகப் போகக் கோடுகள் மங்கும். இத்தனை பிரதியோடு நிறுத்திக்கொள்வது என்பது ஒரு நேர்மை. எத்தனையாவது பிரதி என்று எண் போடுவது வாங்குபவருக்கு ஒரு தகவல். அச்சு முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கிழித்துக் கெடுத்துவிடும் வழக்கமும் உண்டு. இனி எடுக்கவே முடியாது என்பதற்கு அதுதான் சாட்சி.

இப்போது உங்கள் மிக்கி ஒரு ஃபைல். தேயாது. முதல் பிரதிக்கும் ஐந்நூறாவது பிரதிக்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது. அதனால், 'உங்களுக்கு 3/100 தருகிறேன், கொஞ்சம் கூடுதல்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். ஃபேன்ஸி நம்பருக்கு ஆசைப்படுபவர்கள் உண்டு, அது வேறு கதை. பிரின்ட்டின் தரத்துக்கும் எண்ணுக்கும் இங்கே சம்பந்தம் இல்லை.

ஃபைல் தேயாது என்பதால், 100 என்ற வரம்பை வைத்திருப்பது இயந்திரம் இல்லை. ஒரு மனிதர் கொடுக்கும் வாக்கு. அதுவும் எந்த அளவுக்கான வாக்கு என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு கோர்ட் கேஸே இருக்கிறது.

வில்லியம் எகில்ஸ்டன் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். ஒரு மூன்று சக்கரக் குழந்தை சைக்கிளைத் தரையோடு தரையாகப் படுத்து எடுத்த அவருடைய படம் ரொம்பப் பிரபலம். அவருடைய பழைய லிமிடெட் எடிஷன் பிரின்ட்டுகளை ஒரு சேகரிப்பாளர் பெரிய விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். 2012 மார்ச்சில், அந்தப் படங்கள் சிலவற்றையும் சேர்த்து, பெரிய சைஸில் புதிதாக டிஜிட்டல் பிரின்ட் போட்டு ஏலத்துக்கு விட்டார்கள். 36 பிரின்ட், 59 லட்சம் டாலர். சேகரிப்பாளர் கொதித்துப்போனார். 'லிமிடெட் என்று சொல்லித்தானே என்னிடம் விற்றீர்கள், இப்போது மறுபடி அடித்தால் என் படத்துக்கு என்ன மதிப்பு?' என்று வழக்குப் போட்டார். 2013-ல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. சைஸும் தயாரிப்பு முறையும் வேறு என்பதால் அது புது எடிஷன், பழைய வாக்கு மீறப்படவில்லை என்பதுதான் விஷயம்.

அதாவது '24 அங்குல கேன்வாஸில் 100 பிரதி' என்று விற்றவர், நாளைக்கு அதே மிக்கியை 36 அங்குலத்தில் இன்னொரு 100 போடலாம். அக்ரிலிக் தகட்டில் 50 போடலாம். போன் கவரிலும் போடலாம். எதையும் செய்யமாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, நீங்கள் கேள்வி கேட்க முடியாது.

இன்னொரு சின்ன ஓட்டையும் இருக்கிறது. எண்ணுக்குப் பதிலாக சில பிரதிகளில் 'ஏ.பி.' என்று எழுதியிருக்கும். ஓவியர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதிகள் அவை, நூறு என்ற கணக்கில் வராது. நூறுக்குப் பத்து இருந்தால் வழக்கமானது. நூறுக்கு நூறு 'ஏ.பி.' இருந்தால்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா, நியூயார்க் மாநிலங்களில், பிரின்ட் விற்பவர் இந்தக் கணக்கையெல்லாம் வாங்குபவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

'கையெழுத்து இருக்கே' என்கிறீர்களா? சல்வடோர் டாலி தன் கடைசிக் காலத்தில் வெற்றுத் தாள்களில் மட்டும் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 1974-ல் பிரான்ஸ் சுங்க அதிகாரிகள் ஒரு லாரியை மடக்கியபோது, அதில் டாலியின் கையெழுத்தோடு 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. படம் அப்புறமாக அச்சாகும்! இன்று வரை டாலி பிரின்ட் என்றாலே சந்தையில் ஒரு தயக்கம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜூம் பண்ணிப் பாருங்கள்

கேன்வாஸ் என்றதும் கையால் வரைந்தது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. விற்பவர்களுக்கும் அது தெரியும். உண்மையில் இது துணியில் அடிக்கும் இங்க்ஜெட் பிரின்ட். கேலரி பாஷையில் 'ஜிக்ளே' என்பார்கள். தெளிப்பது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, ஜாக் டுகேன் என்ற அமெரிக்க அச்சுக் கலைஞர் 1991-ல் இந்தப் பெயரை உருவாக்கினார். 'இங்க்ஜெட் பிரின்ட்' என்றால் ஆபீஸ் ஜெராக்ஸ் மாதிரி இருக்கிறதே, கொஞ்சம் கௌரவமாக ஒரு பெயர் வேண்டும் அல்லவா! நம்ம ஊர் ஃப்ளெக்ஸ் பேனருக்கு ஜிக்ளே தூரத்துச் சொந்தம்தான். மையும் துணியும் இயந்திரமும் உயர்தரம், அவ்வளவுதான்.

ஸ்க்ரீன் பிரின்ட் வேறு. மஞ்சப்பையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் அடிப்பார்களே, அதே முறை. ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன், ஒவ்வொரு முறையும் கையால் மையை இழுக்க வேண்டும். ஆண்டி மவுஸ் அப்படி வந்ததுதான். உழைப்பு அதிகம், அதனால் விலையும் அதிகம்.

எது எது என்று கண்டுபிடிக்க உங்கள் போனே போதும். கேமராவை மேக்ரோ மோடில் வைத்து, ஒரே கலர் பரந்திருக்கும் இடத்தில் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஸ்க்ரீன் பிரின்ட்டில் கலர் தட்டையாக, நிறைவாக, விளிம்பு சுத்தமாக இருக்கும். இங்க்ஜெட்டில் பொடிப் பொடிப் புள்ளிகள் தூவியது போல் சிதறியிருக்கும். புள்ளிகள் குட்டிக் குட்டிப் பூ மாதிரி வரிசையாக வட்டம் கட்டியிருந்தால் அது ஆஃப்செட், காலண்டர் ரகம். ஆன்லைனில் வாங்குகிறீர்களா? இப்படி ஒரு குளோஸப் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

வழிகிற பெயின்ட்டையும் பாருங்கள். விரலால் தொட்டால் மேடாக இருக்கிறதா, இல்லை பெயின்ட் வழிவதுபோல் அச்சடித்திருக்கிறார்களா? சிலர் பிரின்ட் எடுத்தபின் மேலே தூரிகையாலோ ஸ்ப்ரேயாலோ நிஜமாகவே கொஞ்சம் வேலை செய்வார்கள். 'ஹேண்ட் எம்பெலிஷ்டு' என்று போட்டிருக்கும். அப்போது ஒவ்வொரு பிரதியும் லேசாக மாறும், அதற்குக் கூடுதல் காசு நியாயம்தான். கை யாருடையது என்று மட்டும் கேளுங்கள். ஓவியருடையதா, பட்டறை ஆளுடையதா?

மை 'பிக்மென்ட்' வகையா, 'டை' வகையா என்றும் கேட்க வேண்டும். சாய மை வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கும். பிக்மென்ட் மை பல வருடம் தாங்கும். 90-களின் தொடக்கத்தில் வந்த ஜிக்ளே பிரின்ட்டுகள் சில வருடங்களிலேயே மங்கிப்போய், பெயர் கெட்ட பிறகுதான் மை மாறியது.

மிக்கி யாருக்குச் சொந்தம்?

2024 ஜனவரி 1 அன்று, 'மிக்கிக்கு விடுதலை' என்று மீம்கள் பறந்தது ஞாபகம் இருக்கும். 1928-ல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி' படத்தின் காப்புரிமை அமெரிக்காவில் அன்றோடு முடிந்தது. ஆனால் விடுதலையானது அந்தக் கறுப்பு-வெள்ளை எலி மட்டும்தான். அதற்குக் கையுறைகூடக் கிடையாது! கையுறை 1929-ல் வந்த படத்தில்தான் மாட்டினார்கள், அது 2025-ல் வெளியே வந்தது. வெகு பிற்காலத்தில் மிக்கிக்குப் புதிதாகச் சேர்ந்த தோற்றங்களுக்குக் காப்புரிமை தொடர்கிறது. டிரேட்மார்க் தனி. அதற்குக் காலாவதியே இல்லை, புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

இதுவும் அமெரிக்கக் கணக்கு. டின்டின் 2025-ல் அங்கே பொதுவுடைமை ஆனான். ஆனால், அவனைப் படைத்த ஹெர்ஜே இறந்தது 1983-ல். இந்தியாவில் ஓவியங்களுக்குப் படைப்பாளி இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு. அப்படியானால் நம்ம ஊரில் 2043 முடியும் வரை அவன் வேறொருவரின் சொத்து.

'நான் கிராஃபிட்டி சேர்த்து மாற்றிட்டேனே' என்பது எல்லா நேரமும் செல்லாது. மிஸ்டர் பிரெயின்வாஷ் என்ற பெயரில் இந்த ஸ்டைலில் கொடிகட்டிப் பறக்கும் தியரி கெட்டா, ஒரு ராப் இசைக்குழுவின் புகைப்படத்தை எடுத்துத் தன் பாணியில் மாற்றி விற்றார். புகைப்படக்காரர் வழக்குப் போட, 2011-ல் தீர்ப்பு கெட்டாவுக்கு எதிராக வந்தது.

வீட்டில் மாட்டி வைத்த உங்களை யாரும் வந்து பிடிக்கப்போவதில்லை, பயப்படாதீர்கள். ஆனால் மறுவிற்பனை என்று வரும்போது, உரிமம் இல்லாத மிக்கியை நல்ல ஏல நிறுவனமோ கேலரியோ கையில் எடுக்கத் தயங்கும். 'முதலீடு' என்று சொல்லி விற்பவர் இதைச் சொல்வதே இல்லை.

சான்றிதழுக்கும் சான்றிதழ் கேளுங்கள்

பேங்க்ஸி பக்கம் திரும்ப வருவோம். அவருடைய படங்கள் உண்மையா என்று சொல்ல 'பெஸ்ட் கன்ட்ரோல்' என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. கரப்பான்பூச்சி ஒழிப்பு கம்பெனி மாதிரி பெயர், வேண்டுமென்றே வைத்ததுதான். அவர்கள் தரும் சான்றிதழில், டயானா முகம் போட்ட ஒரு பொய்யான 10 பவுண்டு நோட்டைப் பாதியாகக் கிழித்துப் பின் அடித்திருப்பார்கள். மறுபாதி அவர்களிடம் இருக்கும். இரண்டையும் சேர்த்துவைத்தால் கிழிசல் பொருந்த வேண்டும். கள்ள நோட்டை வைத்து உண்மையை நிரூபிக்கும் குசும்பு ஒரு பக்கம் இருக்கட்டும். சான்றிதழின் மறுபாதியைப் பொறுப்பாக வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அதுதான் முக்கியம். பிளாட்பாரத்தில் 60 டாலருக்குப் போன 'பூ' கரடி லண்டனில் விலை போனதும், அடுத்த வாரம் அதே இடத்தில் விற்றவை அப்படிப் போகாததும் இதனால்தான்.

உங்கள் மிக்கியோடு வரும் பளபளப்பான சான்றிதழை எடுங்கள். யார் கையெழுத்து? விற்கும் கடையேதானா? அந்த ஓவியர் யார், அவருக்கென்று தனிப் பக்கம் இருக்கிறதா, அங்கே இந்த எடிஷன் இடம்பெற்றிருக்கிறதா? 17/100 யாரிடம் போனது என்று யாராவது ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார்களா? கடை நாளைக்கு மூடிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? சொந்தமாக வரைந்து, 30 பிரதி போட்டு, தானே பேக் பண்ணி அனுப்பும் ஓவியர்களும் இன்ஸ்டாவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் மெசேஜ் போட்டுக் கேட்டால் இதற்கெல்லாம் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள். சான்றிதழும் பில்லும் கிடைத்தால் ஃபிரேமுக்குப் பின்னால் ஒட்டிவிடாமல் ஃபைலில் போட்டு வையுங்கள். படத்தை ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரில் மாட்ட வேண்டாம்.

இவ்வளவு கேள்வியும் கேட்காமல் சும்மா பிடிச்சிருக்குன்னு வாங்கக் கூடாதா? தாராளமா வாங்கலாம். அப்போது அதற்கான விலையை மட்டும் கொடுங்கள். துணி, மை, கட்டை, கொஞ்சம் லாபம். அதே சைஸில் சாதாரண கேன்வாஸ் பிரின்ட் என்ன விலை என்று இன்னொரு டேபில் தேடிப்பாருங்கள். அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம்தான் '100 மட்டுமே'வுக்கு நீங்கள் கொடுப்பது.

அன்றைக்கு நான்கு படம் வாங்கிய சிகாகோக்காரர் பேங்க்ஸி ரசிகர் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளவில்லை. புது வீட்டுக்குப் போகிறாராம், சுவரில் மாட்ட ஏதாவது வேண்டுமாம். 240 டாலரை எண்ணிக் கொடுத்துவிட்டு, நான்கையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.